கடலுக்கும் முறை வைக்கிறார்கள்!

வயலுக்கு வரப்பு உண்டு. தோப்புக்கு வேலி உண்டு. கடலுக்கு என்ன உண்டு?

ஒன்றும் இல்லை. அலைக்கு மேல் வேலி போட முடியாது. நீந்துகிற மீனுக்குப் பட்டா கிடையாது. வலையில் ஏறிய பிறகுதான் மீனுக்குச் சொந்தக்காரர் வருகிறார்.

அப்படியானால் ஒரே கடலில் ஆயிரம் படகுகள் இறங்கும்போது சண்டை வராதா?

வரும். வந்திருக்கிறது. வலைகள் அறுந்திருக்கின்றன. படகுகள் எரிந்திருக்கின்றன. உயிர்களும் போயிருக்கின்றன.

அந்தச் சண்டைகளைத் தீர்ப்பதற்கு மீனவர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. நம் விவசாயிகளுக்கு அது பழக்கமான வழிதான். ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டால் என்ன செய்கிறோம்? முறை வைக்கிறோம். இன்று உன் வயலுக்கு, நாளை என் வயலுக்கு.

மீனவர்கள் கடலுக்கே முறை வைத்துவிட்டார்கள்! அந்த முறை எப்படி நடக்கிறது? எங்கே வெற்றி பெற்றது? எங்கே இடறி விழுந்தது? பார்ப்போம்.

சீட்டுக் குலுக்கி மீன்பிடிப்பு

சென்னைக்கு வடக்கே இருக்கிறது பழவேற்காடு ஏரி. பெயர்தான் ஏரி. தண்ணீர் உப்பு. கடலும் ஆறும் கலக்கும் பெரிய காயல் அது.

இந்தக் காயலில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைப்பதில்லை. கடல்நீர் உள்ளே வரும் முகத்துவாரத்தின் பக்கம் இறால் நிறைய வரும். தள்ளிப் போனால் குறையும். நல்ல இடத்தில் வலை கட்டியவருக்குக் கூடை நிறையும். மற்றவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

"நான் முந்தி வந்தேன். இந்த இடம் எனக்கு" என்று ஆளுக்கு ஆள் கிளம்பினால் தினமும் அடிதடிதானே?

அதற்காக ஏற்பட்டதுதான் "பாடு" முறை. நல்ல இடங்களுக்கு "பாடு" என்று பெயர். உரிமை உள்ள கிராமத்தார் கூடுவார்கள். சீட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எந்தப் பாடு, எப்போது முறை என்பதைச் சீட்டு சொல்லும். பிறகு இடங்கள் முறைப்படி கைமாறிக்கொண்டே இருக்கும். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை சுமாரான இடத்துக்குப் போவார். சுமாரான இடத்தில் இருந்தவர் நல்ல இடத்துக்கு வருவார். பணக்காரர், ஏழை, மாப்பிள்ளை, மச்சான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இலங்கையில் நீர்கொழும்பு காயலிலும் இதே மாதிரி சீட்டு எடுக்கும் வழக்கம் உண்டு. அங்கேயும் இதற்குப் பெயர் "பாடு"தான்!

ஆனால் இந்தப் பாடு முறையிலும் ஒரு குறை இருக்கிறது. குலுக்கலில் கலந்துகொள்ளும் உரிமை குறிப்பிட்ட கிராமங்களுக்கும் குறிப்பிட்ட சமூகத்துக்கும்தான். பிற்காலத்தில் மீன்பிடிக்க வந்த மற்ற மக்களுக்குச் சீட்டில் பெயர் இல்லை. அவர்களும் அதே ஏரியை நம்பி வாழ்கிறவர்கள்தான். "எங்கள் பெயர் ஏன் இல்லை?" என்று கேட்கிறார்கள். அதனால் மனத்தாங்கல் வந்தது, வழக்கும் வந்தது.

இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிதாகி வரப் போகிறது.

ஊர்ப் பஞ்சாயத்தின் செல்வாக்கு

பழவேற்காட்டிலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரை கடற்கரை ஓரமாக வரிசையாக மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. சர்க்கார் தேர்தல் நடத்தும் பஞ்சாயத்து வேறு, இது வேறு. மீனவர்களே அமைத்துக்கொண்ட ஊர்ப் பஞ்சாயத்து இது. ஒவ்வொரு தலைக்கட்டும் ஊருக்கு வரி கொடுக்கிறது. அந்தப் பணத்தில் கோவில் திருவிழா நடக்கும், ஊர்க் காரியங்களும் நடக்கும்.

புதிதாக ஒரு வலை வந்தால் இந்தப் பஞ்சாயத்து கூடிப் பேசும். அந்த வலை மீனை வெருட்டிவிடுமா? பக்கத்துப் படகின் வலையைக் கெடுக்குமா? ஊரில் பலருக்குப் பிழைப்புப் போகுமா? "ஆகாது" என்று தீர்ந்தால் அந்த வலைக்குத் தடை. மீறினால் அபராதம்.

வெளியூர் விசைப்படகு வந்து வலையை அறுத்துவிட்டாலும் பஞ்சாயத்துதான் பேசும். சில சமயம் அந்தப் படகைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். படகின் ஊர்க்காரர்கள் வருவார்கள். அறுந்த வலைக்கு விலை பேசி நஷ்ட ஈடு கொடுத்துவிட்டுப் படகை மீட்டுப் போவார்கள். போலீசுக்குப் போகாமலே முடிந்துபோன வழக்குகள் ஏராளம்.

இந்தப் பஞ்சாயத்துகளின் பலம் 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது நாட்டுக்கே தெரிந்தது. பல குப்பங்களில் நிவாரணப் பொருட்களை வீடு வீடாகப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

ஆனால் இங்கேயும் அதே குறை. மீனைச் சுமந்து சென்று விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களோ ஆண்கள்!

மடி வந்தது, சண்டை வந்தது

கட்டுமரமும் வல்லமும் மட்டுமே இருந்த காலத்தில் ஊர்க் கட்டுப்பாடு போதுமானதாக இருந்தது. பிறகு விசைப்படகு வந்தது.

1952-ம் ஆண்டில் நார்வே நாட்டு உதவியுடன் மீன்பிடித் தொழிலை வளர்க்க ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த வேலை கேரளக் கரையில் தொடங்கியது. எஞ்சின் படகுகள் பெருகின. இறாலுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை கிடைத்தது. தமிழ்நாட்டுக் கரையிலும் "இழுவைமடி" என்னும் டிராலர் வலை வந்து சேர்ந்தது.

இழுவைமடி என்றால் என்ன? பெரிய பை போன்ற வலை. அதன் வாயை இரண்டு பலகைகள் விரித்துப் பிடிக்கும். படகு அதைக் கடலின் அடித்தரையில் போட்டு இழுத்துச் செல்லும். இறாலோடு குஞ்சும் குறுமீனும் சேர்ந்து வரும். அடித்தரையில் உள்ள பாசியும் பெயர்ந்து வரும். வழியில் நாட்டுப் படகுக்காரர் கட்டிவைத்த வலை இருந்தால் அதுவும் அறுந்து வரும்.

ஒரு வலை போனால் நாட்டுப் படகுக்காரருக்குப் பல மாத வருமானம் போயிற்று. இரவில் அறுத்துக்கொண்டு போன படகு எது என்று தேடிக் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை.

1970-களின் பிற்பகுதியில் இந்தப் பகை முற்றியது. கட்டுமரக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் மோதிக்கொண்டார்கள். படகுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. பலர் உயிரிழந்தார்கள்.

பிறகு 1983-ம் ஆண்டில் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப் படகுக்காரர்களுக்கு என்று ஒதுக்கியது. அதாவது சுமார் ஐந்தரை கிலோ மீட்டர். விசைப்படகுகள் அதற்கு அப்பால் போக வேண்டும்.

சட்டம் நல்லதுதான். ஆனால் இறால் சட்டம் படிக்கவில்லையே! அது கரையோரத்தில்தான் அதிகம். ஆகவே கோட்டைத் தாண்டி உள்ளே வரும் படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன.

மூன்று நாள் உனக்கு, நான்கு நாள் எனக்கு

ராமேசுவரம் பக்கத்துக்கு வருவோம். கோடியக்கரையிலிருந்து ராமேசுவரம் வரை வளைந்து கிடக்கும் நமது கரை. எதிரே யாழ்ப்பாணம். நடுவில் இருப்பது பாக் ஜலசந்திக் கடல். ஆழம் குறைவு. அதனால் இறால் வளம் மிகுதி. ஆனால் இடமோ குறுகல். விசைப்படகு ஒரு பக்கம், நாட்டுப் படகு ஒரு பக்கம் என்று பிரிப்பதற்கே வழியில்லை.

இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நாளைப் பிரித்தால் என்ன?

இப்படிப் பிறந்ததுதான் "மூன்று நாள் – நான்கு நாள்" முறை. 1970-களில் மூண்ட மோதல்களுக்குப் பிறகு, அதிகாரிகள் முன்னிலையில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளுக்கு. மீதி நான்கு நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு. ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் விசைப்படகுகள் புறப்படும். மீன்துறை கொடுக்கும் டோக்கனை வாங்கிக்கொண்டு காலையில் போனால், இரவெல்லாம் மீன்பிடித்துவிட்டு மறுநாள் திரும்பும்.

எவ்வளவு எளிய வழி பாருங்கள்! எந்த நாளில் வலையை விரிக்கலாம், எந்த நாளில் சுருட்டி வைக்கலாம் என்பது நாட்டுப் படகுக்காரருக்குத் தெரியும். கடலில் கோடு போட்டால் இருட்டில் தெரியாது. காலண்டரில் போட்ட கோடு எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இன்று என்ன கிழமை என்று தெரியுமே!

அந்த முறை இன்றும் நடக்கிறது. குறைகள் உண்டு, மீறல்களும் உண்டு. ஆனாலும் பழைய தீவைப்பும் வெட்டுக்குத்தும் தணிந்தன.

இதே வழியில் சுப்ரீம் கோர்ட்டும் ஓர் உத்தரவு போட்டது. "சுருக்குமடி" வலை விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைப் போன்றது அந்த வலை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் உள்ள கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். கூட்டம் முழுவதும் உள்ளே! தமிழ்நாடு சர்க்கார் 2000-ம் ஆண்டில் இதற்குத் தடை போட்டது. கடன் வாங்கி வலை வாங்கியவர்கள் ஒரு பக்கம், "எங்களுக்கு மீன் மிஞ்சாது" என்கிறவர்கள் ஒரு பக்கம் என்று கடலோர ஊர்கள் இரண்டுபட்டன. 2023-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி போடலாம் என்றது. அங்கேயும் கிழமைக் கணக்குத்தான்!

மீனுக்கும் ஒரு முறை

மனிதர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டால் போதுமா? மீனுக்கு யார் முறை வைப்பது?

அதற்கும் ஓர் ஏற்பாடு வந்தது. 2001-ம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந் தேதி முதல் 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை வந்தது. 2017-ம் ஆண்டில் அது 61 நாளாயிற்று. ஜூன் 14 வரை படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அது அவகாசம். படகு பழுதுபார்க்கும் வேலையும் அப்போதுதான் நடக்கும்.

சட்டம் வந்துதான் கடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதில்லை. தாங்களே ஓய்வு கொடுத்த பெண்களும் இருக்கிறார்கள்.

பாம்பன் தீவில் சின்னப்பாலம் என்று ஓர் ஊர். அங்கும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பெண்கள் பாசி எடுக்கிறவர்கள். கடலுக்குள் மூழ்கி, பாறையில் முளைத்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்க வேண்டும். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் அகர் என்னும் பொருள் எடுக்கிறார்கள்.

1986-ம் ஆண்டில் மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பது நோக்கம். காவல் கடுமையானபோது, தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்தவர்கள் திடீரென்று குற்றவாளிகள் ஆனார்கள்.

பெண்கள் என்ன செய்தார்கள்? சங்கமாகச் சேர்ந்தார்கள். "நாங்களும் கடலைக் காப்பாற்றுகிறோம்" என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மாதம் முழுவதும் எடுப்பதில்லை. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி மாதத்துக்கு 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று முடிவு செய்தார்கள். மீதி நாட்களில் பாசி வளரட்டும்!

இந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி, 2015-ம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று "சீகாலஜி" பரிசு பெற்று வந்தார். கடலில் மூழ்கிப் பிழைக்கும் ஒரு தாய்க்குக் கிடைத்த கவுரவம் அது.

அக்கரையில் அதே மூன்று நாட்கள்

இதுவரை சொன்னது நம் கரைக் கதை. இனி எதிர்க் கரைக்குப் போவோம்.

ராமேசுவரத்து விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை வைத்தோம் அல்லவா? அந்தப் படகுகள் எங்கே போய் மீன்பிடிக்கும்? கரையோரம் நாட்டுப் படகுக்கு ஒதுக்கியாயிற்று. அதைத் தாண்டினால் சில மைல் தூரத்தில் இலங்கை எல்லை. 1974-ம் ஆண்டு ஒப்பந்தம் பாக் ஜலசந்தியில் எல்லைக் கோடு போட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976-ம் ஆண்டில் மற்றோர் ஒப்பந்தம் வந்தது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பதும் அப்போது முடிவாயிற்று.

படகுகள் பல. கடல் சிறிது. மீனோ எல்லைக்கு அப்பால். படகுகள் எல்லையைத் தாண்டின.

1983-ம் ஆண்டில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கே உள்ள தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. ஒரு நாள் முழுத் தடை, மறுநாள் நேரக் கட்டுப்பாடு, எஞ்சினுக்குக் கட்டுப்பாடு என்று பல ஆண்டுகள் கழிந்தன. பலர் அகதிகளாக நம் கரைக்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே மீன்பிடிக்க ஆளில்லை. நம் விசைப்படகுகள் இலங்கைக் கடற்படைக்குப் பயந்துகொண்டே அங்கு போய்ப் பழகிவிட்டன. பலர் சுடப்பட்டு மாண்டார்கள்.

2009-ம் ஆண்டில் போர் முடிந்தது. யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் மறுபடியும் கடலில் இறங்கினார்கள். எல்லாம் இழந்தவர்கள். கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் வாங்கியவர்கள். மாலையில் வலையை விரித்துவிட்டுக் காத்திருந்தார்கள். இரவில் நம் விசைப்படகுகள் விளக்கு வரிசையாக வந்தன. வலைகள் அறுந்தன.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிழமையைக் கணக்குப் பார்த்தார்கள். திங்கள், புதன், சனி இரவுகளில் வலையை விரிக்கப் பயந்து கரையிலேயே தங்கிவிட்டார்கள்!

பார்த்தீர்களா? நம் கரையில் சண்டையைத் தீர்த்த அதே காலண்டர், அவர்கள் கரையில் அடுப்பை அணைத்தது. இங்கே இரண்டு தரப்பும் உட்கார்ந்து வாரத்தைப் பங்கிட்டார்கள். அந்தப் பேச்சில் மூன்றாவது தரப்பு ஒன்று இல்லை. அதன் தலையில் பாரம் விழுந்தது. பழவேற்காட்டுச் சீட்டில் பெயர் இல்லாதவர்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அந்தக் கதைதான் இது. கடல் மட்டும் பெரிது.

பேசிப் பார்த்தார்கள்

இரு கரையிலும் பேசுவது தமிழ். இரு கரையிலும் அந்தோணியாரைக் கும்பிடுகிறார்கள். கச்சத்தீவு அந்தோணியார் கோவில் திருவிழாவில் இரு நாட்டு மீனவக் குடும்பங்களும் சந்தித்து நலம் விசாரித்துக்கொள்வதும் உண்டு. அப்படி இருக்கும்போது பேசினால் தீராதா?

பேசினார்கள். 2004-ம் ஆண்டில் நம் மீனவர்கள் இலங்கைக்குப் போய்ப் பேசினார்கள். 2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். கடற்கரை ஊர்களைப் பார்த்தார்கள். சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். நம் படகுகள் ஒரு வருஷத்துக்கு 70 நாள் மட்டும் அங்கே வரலாம், அதற்குள் இழுவைமடியை விட்டுவிட வேண்டும் என்று உடன்பாடு கண்டார்கள்.

இதிலும் நாள் கணக்குத்தான். ஆனால் அந்த உடன்பாட்டுக்குச் சர்க்கார்களின் முத்திரை விழவில்லை. 70 நாள் கணக்கு காகிதத்தோடு நின்றது. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-ல் மறுபடியும் சென்னையிலும் பேசினார்கள். "இழுவைமடியை இன்றே நிறுத்துங்கள்" என்றது அக்கரை. "படகுக்கு வாங்கிய கடன் இருக்கிறது. அவகாசம் கொடுங்கள்" என்றது இக்கரை.

2017-ம் ஆண்டு ஜூலையில் இலங்கை பாராளுமன்றம் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அவர்கள் நாட்டு டிராலர்களுக்கும் இந்தத் தடை பொருந்தும். அதே ஆண்டில் நம் நாட்டில் ஒரு திட்டம் வந்தது. பாக் ஜலசந்தியில் உள்ள 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளைக் கொடுப்பது. ஒரு படகின் விலை ரூ.80 லட்சம். அதில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து.

திட்டம் நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. ஒரு நாளில் போய்த் திரும்பிப் பழகியவர்கள், பல நாள் ஆழ்கடலில் தங்கிச் சூரை பிடிக்கப் பழக வேண்டும். 10 சதவீதம் என்றாலும் அது 8 லட்ச ரூபாய். அதற்கு மேல் 16 லட்ச ரூபாய் கடன். தயங்கியவர்களைக் குறை சொல்ல முடியுமா?

இதற்கிடையில் கைதும் படகுப் பறிமுதலும் தொடர்ந்தன. ராமேசுவரத்தில் கணவனையும் மகனையும் எதிர்பார்த்துக் கண்ணீர் விடும் பெண்கள். யாழ்ப்பாணத்தில் அறுந்த வலையைப் பார்த்துக் கண்ணீர் விடும் பெண்கள். இரு கண்ணீரும் கடலைப் போல உப்புத்தான்.

யாருக்கு இலை போடவில்லை?

இத்தனை கதைகளும் நமக்குச் சொல்லுவது என்ன?

மீனவர்கள் அறிவாளிகள். சட்டம் வருவதற்கு முன்பே சீட்டுக் குலுக்கி இடத்தைப் பங்கிட்டார்கள். கோடு போட முடியாத கடலில் கிழமையை வைத்துக் கோடு போட்டார்கள். பாசிக்கும் ஓய்வு கொடுத்தார்கள்.

ஆனால் எந்த முறையும், அதை ஏற்படுத்தியபோது உடன் உட்கார்ந்தவர்களுக்குத்தான் நியாயம் செய்கிறது. பந்தியில் இலை போடாமல் விட்டவர் பசியோடு நிற்பார். அவருடைய பசி ஒரு நாள் சண்டையாகத் திரும்பி வரும். பழவேற்காட்டில் அப்படித்தான் நடந்தது. பாக் ஜலசந்தியில் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

பாக் ஜலசந்தி ஒரே கடல். அதை நம்பி இரண்டு கரை இருக்கிறது. இனிமேல் அந்தக் கடலுக்கு முறை வைக்கிறவர்கள், முதலில் இரண்டு கரைக்காரர்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். மீன் விற்கும் பெண்களையும் உட்கார வைக்க வேண்டும். அங்கே முடிவாகிற நாள் கணக்குக்கு இரு சர்க்கார்களும் முத்திரை போட வேண்டும்.

முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க 61 நாள் வேண்டும் என்று மீன் வந்து கேட்கவில்லை. மனிதர்கள்தான் அதற்காகப் பேசினார்கள். வாயில்லாத மீனுக்கு முறை வைத்தோம். அதே தமிழில் கேட்கிற எதிர்க் கரை மீனவனுக்கு வைக்க மாட்டோமா?